சிடி ஓடி முடியும் வரை

போட்டோக் கடை தேவராசண்ணன் அந்த சிடியை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வேட்டி முனையால் ஒரு துடை துடைத்துவிட்டு, "வளைகாப்புங்களா அம்மிணி?" என்று கேட்டார். கலாமணி "ஆமாங்ணா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆமாவாம். எந்த வாயில் வந்தது அந்த ஆமா என்று அவளுக்கே விளங்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஒருத்தரும் அவள் கையில் ஒரு வளையலை அடுக்கினதில்லை, இதில் சிடி போட்டு வைக்கிற அளவுக்கு வளைகாப்பு ஒன்று குறைச்சல். மேலே ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி ஸ்டிக்கரை வீட்டிலேயே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வந்ததற்குக் கிடைத்த பலன் இது. பொள்ளாச்சி கடைவீதியில் சிடி ஓட்டுகிற பெட்டியை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறவர் இவர் ஒருத்தர்தான் என்று ஆபீஸில் சொன்னார்கள், இல்லாவிட்டால் தன் கல்யாணத்துக்கே வீடியோ எடுத்த மனுஷனிடம் யாராவது இதைக் கொண்டுவந்து கொடுப்பார்களா? அவர் பாட்டுக்கு, மாப்பிள்ளை நல்லா இருக்கறாருங்களா, கரண்ட் ஆபீசுலதான இன்னும், என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே பெட்டிக்குள் தள்ளினார். கோடு விழுந்திருக்கிறது, நேராகக் காப்பி ஏறாது, ஓட விட்டு ஓடுகிறதைப் பிடித்துத்தான் பென்டிரைவில் ஏற்ற வேண்டும், எத்தனை நேரம் ஓடுதோ அத்தனை நேரம் ஆகும் என்றார். நீங்க பார்க்க வேண்டியதில்லைங்ணா, ஓட்டிவிட்டுட்டுப் போங்க என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் திரை விழித்துக்கொண்டது. முதலில் கறுப்பு. அப்புறம் ஒரேயடியாக மஞ்சளும் சிவப்புமாக ஈரமாக ஏதோ பளபளத்தது, அதற்குள் ஒரு கம்பி நுழைந்தது. ஆயிரம் முகூர்த்தம் பார்த்த மனுஷனுக்கு மவுசைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார், பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தொங்கவிடுகிற நீலத் துணியை இழுத்து மறைத்தார், "நான் முன்னால உக்காந்திருக்கறனுங். ஆரும் உள்ள வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். திரையின் மூலையில் ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று காட்டியது.

இதுதானா நான் என்று பார்த்தாள். இத்தனை வருஷமும் உள்ளே எல்லாம் இருட்டாக, கெட்டுப் போன மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இதுவோ வெளிச்சமாக, அலம்பிவிட்டது போல இருக்கிறது, பார்க்க அப்படியொன்றும் மோசமில்லை. கொழுப்பு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வயிற்றுக்குள் கேமரா விட்டுச் செய்த ஆபரேஷனில், மயக்கத்தில் கிடந்து அவள் விட்ட மூச்சு அது. இப்போது மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், திரையில் அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இதில் வலி எங்கே இருக்கிறது? எங்கே வலிக்குதுன்னு சொல்லுங்க என்று கோயம்புத்தூர் டாக்டர் கேட்டபோது அவளுக்குச் சட்டென்று வாயில் வந்தது ஆபீஸ் பாஷைதான். பத்திர எழுத்தர் சென்னியப்பனிடம் ஒன்பது வருஷமாக டைப் அடிக்கிறவள், வேறென்ன வரும்? தொப்புளுக்குத் தெற்கு, இரண்டு இடுப்பெலும்புக்கும் மத்தியில், தண்டுவடம் வரைக்கும், வலது தொடையில் பாதி தூரம் வரை என்று நாலு எல்லையும் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மாசத்தில் முதல் இரண்டு நாள் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் வெளிக்குப் போக உட்கார்ந்தால் உயிர் போய் வரும், புருஷன் குமரகுரு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் இன்றைக்கு நேற்று வந்ததா? பதினேழு வயசில் சுருண்டு விழுந்தவளை அப்பாதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். எப்பப் பாப்பா வலிக்குது என்று அந்த டாக்டர் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், தலையில் முண்டாசு கூட அவிழ்க்கவில்லை, தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? எப்பவாச்சும் வலிக்குதுங் என்றாள். குடல்வாலை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாசம் அதே தேதிக்கு அதே வலி வந்தது. அம்மாவுக்குத் தெரியும். எல்லாத்துக்கும் இருக்கறதுதான் கண்ணு, கல்யாணமாயி ஒண்ணு பொறந்துட்டாச் சரியாப் போயிரும் என்றாள். அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொன்னது அதுதான். பாவம், அம்மாவைச் சொல்லி என்ன.

கம்பி ஒன்று எதையோ தள்ளியது, அது நகரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று மனசு அங்கேயே போய் நின்றது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சுலோசனா டாக்டர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. வருகிறாளா இல்லையா என்று இன்றைக்கு ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும், அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. நாளைக் காலை பதினோரு மணிக்குக் கோயம்புத்தூரில் மதுசூதனன் டாக்டர். பழைய ஆபரேஷன் வீடியோவைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறவர். பார்த்த பிறகும் அவர் என்ன சொல்வாரோ யார் கண்டது. பத்திரம் பதிகிறதற்கு முன்னால் வில்லங்கம் பார்க்கிற மாதிரி இவரும் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சுலோசனா டாக்டர் இந்த ஊரில் பாதிப் பேரைப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்துப் போட்டவர். நெற்றியில் பெரிய பொட்டும் பவுடர் வாசனையுமாக, வா சாமி, உக்காரு சாமி என்று கையைப் பிடித்துத் தடவிக்கொடுப்பார். தடவிக்கொடுக்கிறது கலாமணியின் கையை, பேசுகிறது குமரகுருவைப் பார்த்து. மாமியார் வந்தால் மாமியாரைப் பார்த்து. பையைத் தூக்கிப் போட்டுட்டாச் சனியன் விட்டுதுங்க, புள்ள நிம்மதியா இருக்கும், என்று சொன்னபோது கூட அவர் கண் குமரகுரு மேல்தான் இருந்தது. குமரகுரு தலையை ஆட்டினான். உடனே ஆட்டினான், கொஞ்ச நேரம் யோசித்து ஆட்டியிருக்கலாம். ஒரு சென்ட் நிலத்தை எழுதிக்கொடுக்கிறதற்கு எழுதிக்கொடுக்கிறவர் நேரில் வந்து உட்கார்ந்து, யார் தூண்டுதலும் இல்லாமல் முழு சம்மதத்தோடு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ரேகை வைக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். அவள் வயிற்றுக்கு அவன் ஒரு தலையாட்டல் போதும். அன்றைக்கு வீடு வருகிற வரை அவளுக்கு அவன் முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மதுசூதனன் டாக்டர் அப்படியெல்லாம் சாமி என்று கூப்பிடுகிறவர் இல்லை. சிரிக்கத் தெரியாத மனுஷன், ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு. ஆம்பிளை டாக்டரிடம் இதுக்குப் போகிறதா என்று மாமியார் முகத்தைச் சுளித்ததற்கே பாதி மனசு விட்டுப் போயிருந்தது. அவர் முதல் காரியமாகக் குமரகுருவை வெளியே உட்காரச் சொன்னார், ஒரு நர்ஸை உள்ளே நிற்க வைத்துக்கொண்டு நாற்காலியை இவள் பக்கம் திருப்பிப் போட்டார். வெளிக்குப் போகும்போது வலிக்குதா, அதில் ரத்தம் போகுதா, வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அவள் தரையைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் தலையணை முனையைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள், குமரகுருவுக்கே தெரியாது. தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆமாங்க என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை, நர்ஸ்தான் தலையை ஆட்டிச் சொல்லிவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்தால் மாசாமாசம் உதிரம் போகிறது நிற்கும், கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரி வெளியே குடல் மேலே வளர்ந்து பரவியிருப்பது அங்கேயேதான் இருக்கும், வலியும் கூடவே இருக்கலாம் என்று அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அதைச் சுரண்டி எடுக்கிறது பெரிய ஆபரேஷன், நாலு மணி நேரமும் ஆகும், குடல் டாக்டரும் கூட நிற்பார், ஒருவேளை கொஞ்ச நாளைக்கு மலம் போக வயிற்றுக்கு வெளியே ஒரு பை வைக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சேலைக்கு மேலே தெரியுமா, ஆபீஸில் வாடை வருமா, பக்கத்தில் உட்காரும் ராசாத்தி மூக்கைப் பொத்திக்கொள்வாளா என்று அன்றிலிருந்து அதே ஓட்டம். குழந்தை, என்று அவள் இழுத்தாள். முட்டை ரொம்பக் கம்மியா இருக்குங்க என்றார் அவர். அப்புறம், "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க வந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். எதற்கு நிறுத்தினார்? வந்திருந்தால் என்ன? ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் சும்மாவா இருந்தாள், இதோ ஆபரேஷன் மேஜையில்தானே கிடந்தாள், இதோ ஓடுகிறதே. எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு சாமி, இனி முருகன் விட்ட வழி என்று சுலோசனா டாக்டர் சொன்னாரே. வந்திருந்தா, வந்திருந்தா. பல்லில் சிக்கின நார் மாதிரி அந்த ஒரு வார்த்தையை நாலு நாளாக நாக்கால் துழாவிக்கொண்டிருக்கிறாள்.

திரையில் ஒரு உருண்டையைக் கத்திரி முனை தொட்டதும் உடைந்து பழுப்பாகக் கொழகொழவென்று கொட்டியது. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டினது, இதுதான் டாக்டர்கள் சொன்ன சாக்லேட் கட்டி போலிருக்கிறது. எந்தப் புண்ணியவான் இதற்குப் போய் அந்தப் பேரை வைத்தானோ, அதிலிருந்து அவள் சாக்லேட்டே தின்பதில்லை, ஆபீஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வாங்கி ராசாத்தியிடம் கொடுத்துவிடுகிறாள். ஒரு குழாய் வந்து அதை உறிஞ்சியது. குடல் மேலே கறுப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன, பேனா மை தெறித்தது போல. கம்பி அந்தப் புள்ளிகளைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வரும், சுரண்டும் என்று அவள் காத்திருந்தாள், வரவில்லை. கட்டியோடு வேலை முடிந்தது அதற்கு. அவளுக்கு டாக்டர் படிப்பு தெரியாது, ஆனால் விட்டுப் போனது என்றால் என்னவென்று தெரியும், பத்திரத்தில் ஒரு சர்வே நம்பர் விட்டுப் போனால் கண் தானாக அங்கே போய் நிற்கும். அப்புறம் அந்த நீலம். அதையும் மதுசூதனன் டாக்டர் சொல்லியிருந்தார். கீழேயிருந்து ஒரு நீலச் சாயத்தை ஏற்றிப் பார்த்திருப்பார்கள், கருக்குழாய் திறந்திருந்தால் நுனியில் சொட்டுச் சொட்டாக நீலம் வெளியே வரும், வீடியோவில் அது இருக்கிறதா என்றுதான் நான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றார். கலாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கர்ப்பப்பை மெல்ல நீலம் பாரித்து உப்பியது. வலது பக்கம் கேமரா போய் நின்றது, நுனியைக் காட்டியது. வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள், உப்பல்தான் கூடியது. இடது பக்கம் போனது. வா, வா என்று அவள் வாய்விட்டே சொன்னாள், பசுமாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு சொட்டு வந்தால் போதும் என்றிருந்தது. கேமரா நெடுநேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அன்றைக்குக் கம்பியைப் பிடித்திருந்த சுலோசனா டாக்டரும் பாவம் ஒரு சொட்டுக்காகத்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது. வரவில்லை. இரண்டு பக்கமும் அடைப்பு. அன்றைக்கே அடைப்பு. ஐந்து வருஷம் முன்னாலேயே சுலோசனா டாக்டர் தன் இரண்டு கண்ணால் பார்த்திருக்கிறார், பிறகு முருகன் விட்ட வழி என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவள் விழுங்கின மாத்திரை எல்லாம் எதற்கு, நாள் பார்த்து நாள் பார்த்து நடந்ததெல்லாம் எதற்கு, ஒரு சஷ்டி விடாமல் விரதம் இருந்ததெல்லாம் யாருக்கு? வாழைத்தண்டுச் சாறு, மலைவேம்புச் சாறு, பழனி அடிவாரத்தில் எவளோ ஒருத்தி கொடுத்த வேர்.

கேமரா சட்டென்று வயிற்றைவிட்டு வெளியே வந்தது. அணைக்க மறந்துவிட்டார்கள் போல, ஓடிக்கொண்டே இருந்தது. பச்சைத் துணி, கையுறை போட்ட கைகள், மேலே வட்ட விளக்கு எல்லாம் தாறுமாறாகச் சுற்றிக் கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எவர்சில்வர் தட்டு ஒன்று. அதில் கசங்கின தோல் மாதிரி கொஞ்சம். ஆ, வீட்டு ஆட்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிற நேரம். எந்த ஆஸ்பத்திரியிலும் உள்ளதுதான், உள்ளே என்ன எடுத்தோம் என்று கூட வந்தவர்களுக்குக் காட்டிவிடுவார்கள், பிறகு பேச்சு வரக் கூடாதல்லவா. அம்மா வந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள், எலுமிச்சம்பழம் தண்டி இருந்தது கண்ணு என்று. இதோ அம்மா, தலையில் பச்சைக் குல்லாவும் முந்தானையால் பொத்தின வாயுமாக. கண்ணைச் சுருக்கித் தட்டைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள், போய்விட்டாள். அம்மாவுக்குப் பின்னால் இன்னொரு உருவம் வந்து நின்றது. குமரகுரு. அவன் வரவில்லையே. ரத்தம் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும், நான் உள்ள போகலை, உங்கம்மாதான் போனாங்க என்றுதானே அவன் ஐந்து வருஷமாகச் சொல்கிறான். குல்லாவும் மூக்கு வரைக்கும் மாஸ்க்கும், கண் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்ணைத் தெரியாதா அவளுக்கு? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறது, கம்பத்துக்குக் கீழே நின்று மேலே பார்க்கிற அதே நிலை. அவன் தட்டைப் பார்க்கவே இல்லை, டாக்டர் முகத்தையே பார்த்தான். சத்தம் இல்லாத படம். டாக்டரின் கையுறை போட்ட கை இரண்டு விரலைக் காட்டியது, இரண்டையும் மடக்கியது, இல்லை என்று ஆடியது. அவன் ஏதோ கேட்டான். கை மறுபடியும் ஆடியது. மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான், தேய்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு என்னவோ சொன்னான். அவர் தயங்கினார், பிறகு தலையை ஆட்டினார். யாரோ கேமராவை எடுத்தார்கள், விளக்கு, கறுப்பு, அவ்வளவுதான்.

என்ன சொல்லிக் கும்பிட்டிருப்பான் என்று அவளுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. அவகிட்டச் சொல்லீராதீங்க. அதைத் தவிர வேறென்ன. படுபாவி, என்று சொல்லிக்கொண்டாள். அடப் படுபாவி. எல்லாம் தெரிந்துகொண்டு ஐந்து வருஷம் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறான். தெரிந்திருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருக்கலாமே, கருக்குழாய் இல்லாமலே முட்டையை எடுத்துச் சோதனைக் குழாயில் வைக்கிறார்களே, அவன் ஆபீஸ் போர்மேன் மகளுக்கே அப்படித்தானே பிறந்தது. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது. வந்திருந்தா என்று அந்தக் கோயம்புத்தூர் டாக்டர் பாதியில் விழுங்கினது இதைத்தான். அவளிடமிருந்து அந்த ஐந்து வருஷத்தை இந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டே எடுத்துக்கொண்டுவிட்டான். ஆத்திரத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். தள்ளின கையோடு வேறு வேறு நாட்கள் தாமாகவே திரும்பி உட்கார்ந்தன. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவன் ஒரு தடவை கூட நாள் தள்ளிப் போச்சா என்று கேட்டதில்லை. அவன் அம்மா பேரன் பேச்சை எடுத்தால் பாதி இலையில் கை கழுவி எழுந்து போனான். சொந்தத்தில் வளைகாப்பு என்றால் எங்கேயாவது ட்ரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்பான். மனசு விட்டுப் போச்சு இவனுக்கு, வெளியே எவளாவது இருக்கிறாளோ என்று அவள் ஒருநாள் கேட்டே விட்டாள். அவன் அதற்குக் கோபப்படவில்லை, கிணற்றடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். சஷ்டிக்கு அவள் பட்டினி கிடந்தால் பசி இல்லை கலா என்று அவனும் மத்தியானச் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுவான். ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே அவளோடு பட்டினி கிடந்திருக்கிறான். இவனை என்ன செய்வது? கையில் கிடைத்தால் நாலு அறை விடலாமா, மடியில் போட்டுக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பதும் இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் சொன்னாள், குழந்தை இல்லைன்னு மட்டும் சொல்லிட்டாங்கன்னா நான் உசுரோட இருக்க மாட்டேனுங்க என்று. வாய்க்கு வருகிற பேச்சு. அம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வாள், மாடு பால் கறக்காவிட்டால் கூடச் சொல்வாள். கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவன் அதை அப்படியே நம்பி எடுத்து வைத்துக்கொண்டான். அவன் வாயை அவள்தான் தைத்து அனுப்பினாள், அவன் தைத்த வாயோடே இருந்துவிட்டான். அதற்காக அவனை விட்டுவிடலாமா? விடவும் முடியவில்லை. நீலத் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சொட்டாத அந்த நீலத்துக்காகத்தான் முதலில் அழுதாள், பிறகு எதற்கென்று கணக்கில்லாமல் அழுதாள்.

ஓடி முடிந்துவிட்டதா என்று தேவராசண்ணன் துணிக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கண்ணா என்றாள். அவர் திரையைப் பார்க்காமலே பென்டிரைவைப் பிடுங்கி ஒரு சின்னக் கவரில் போட்டு, சிடியையும் உறையில் செருகிக் கொடுத்தார். கடைசியில் ஒரு இரண்டு நிமிஷம் வெளிக் காட்சி ஏதாவது வந்திருந்தால் வெட்டி விடட்டுமா, டாக்டருக்கு அது தேவைப்படாதே என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாங்ணா, இருக்கட்டும் என்றாள். வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். கடைவீதியில் பள்ளிக்கூடம் விட்ட கூட்டம், தேங்காய் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. சுலோசனா டாக்டர் வியாழக்கிழமை கையைத் தடவிக்கொடுப்பார், கர்ப்பப்பையை எடுத்துவிடுவார், குடல் மேலே அந்தக் கறுப்புப் புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்கும், அவருக்கு மறுபடியும் ஏதாவது தெரியும், அதைக் குமரகுருவிடம் சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல இவளுக்கு வாயில்லை, ஊரெல்லாம் அப்படித்தான். அந்தச் சிரிக்காத மனுஷன் கத்தி வைத்தால் வெளியே பை தொங்கலாம், கடைசியில் கர்ப்பப்பையும் போகலாம், குழந்தை என்பது அநேகமாக இல்லை. இல்லை என்றால் இல்லை என்று அவர் இவள் முகத்துக்கு நேராகச் சொல்வார். வலிக்குதா என்று அவர் கேட்டது இவளைத்தான். போன் அடித்தது, குமரகுரு. நாலே முக்காலாச்சு கலா, ஆஸ்பத்திரிக்குப் பேசணும், என்ன சொல்லட்டும் என்றான். பின்னால் யாரோ கம்பி இழுக்கிற சத்தமும் கூப்பாடும் கேட்டது.

"வியாழக்கெழமை வேண்டாம்னு சொல்லிருங்க. கோயமுத்தூர்லயே பண்ணிக்கறேன்" என்றாள்.

அம்மா ஏதாவது சொல்லுவாங்களேன்னு பார்க்கறேன், அந்தப் பை வேற வைப்பாங்கறாங்க, என்று மட்டும் இழுத்தான்.

"வெச்சா வெக்கட்டும். எடுத்தாலும் என்னக் கேட்டு எடுக்கட்டும்" என்றாள். அப்புறம் லாரி ஹாரன் ஓய்கிற வரை நின்று, "ஏனுங்க, ஆபரேசன் முடிஞ்சு உள்ள வந்து பாருங்கன்னு கூப்புட்டா இந்தத் தடவ நீங்க போகாதீங்க. நான் கண்ணு முழிச்சொடனே எனக்குக் காட்டச் சொல்லியிருக்கறேன்."

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் கம்பி இழுக்கிற சத்தம் தூரமாகிக்கொண்டே போயிற்று, அவன் நடந்து எங்கேயோ ஓரமாக வருகிறான் என்று தெரிந்தது.

"அன்னிக்கு நீ அப்படிச் சொன்னியே கலா" என்றான்.

"சொன்னனுங்க" என்றாள் கலாமணி. "இப்பத்தான் தெரிஞ்சுது. இன்னும் உசுரோடதான் நிக்கறேன்."